முதுகு அறுவைக்குப் பிறகும் தீராத வலி: தண்டுவடத்தில் கருவி வைக்கலாமா?

முதுகு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் வலி தீராதவர்களுக்குத் தண்டுவடத் தூண்டல் கருவி என்று ஒன்று இருக்கிறது எனச் சென்ற இதழில் இரண்டே வரியில் எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிக்குக் கட்டுக் கட்டாகக் கடிதங்கள் வந்துவிட்டன. இம்முறை வேறு கேள்விகளைத் தள்ளிவைத்து, அவற்றில் ஐந்து கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் கணவருக்கு வயது 52, பேருந்து ஓட்டுநர். டிஸ்க் விலகி நரம்பை அழுத்துகிறது என்று நான்கு ஆண்டுகளுக்கு முன் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். எட்டு மாதம் நன்றாக இருந்தார். மறுபடியும் வலி வரவே, ஸ்க்ரூவும் ராடும் வைத்து இரண்டாவது முறை செய்தார்கள். இப்போது முதுகு பரவாயில்லை. இடது கால்தான் பின்தொடையிலிருந்து கட்டைவிரல் வரை மிளகாயை அரைத்துப் பூசியதுபோல் எரிகிறது என்கிறார். வேட்டி நுனி பட்டாலே துடிக்கிறார். மூன்றாவது அறுவை வேண்டாம், தண்டுவடத்தில் 'கரண்ட் மெஷின்' வைக்கலாம் என்று ஒரு டாக்டர் சொல்கிறார். அங்கே கரண்ட் வைத்தால் கால் விழுந்துவிடாதா டாக்டர்? – வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், அம்மா. இந்தக் கருவியிலிருந்து மின்சாரம் கொண்டுபோகும் ஒயரைத் தண்டுவடத்துக்குள் செருகுவதில்லை. தண்டுவடத்தைப் போர்த்தியிருக்கும் உறைக்கு வெளியே, எலும்புக்கும் உறைக்கும் நடுவில் ஒரு குறுகிய இடைவெளி உண்டு. வலியில்லாப் பிரசவத்துக்கு மருந்து செலுத்துவதும் அதே இடத்தில்தான். அங்கே, பென்சில் முனையைவிடப் பெரிதாக இல்லாத தடிமனில் ஓரிரு ஒயர்களை ஊசி வழியாக மேலே தள்ளி, பெரும்பாலும் நெஞ்சுப் பகுதியின் எட்டாம், ஒன்பதாம் முள்ளெலும்புகளின் உயரத்தில் நிறுத்துவார்கள். கால் வலிக்கு நெஞ்சு உயரத்தில் ஏன் என்று கேட்கலாம். கால்களிலிருந்து வரும் நரம்பு இழைகள் அந்த உயரத்தில் தண்டுவடத்தின் பின்பக்கமாக மேலேறிச் செல்கின்றன. பாயும் மின்சாரம் மிகச் சிறியது, மில்லி ஆம்பியர் கணக்கில் அளப்பது. இரத்தக் கசிவோ சீழோ தண்டுவடத்தை அழுத்திக் கால் பலவீனமாகும் வாய்ப்பு அரிது. ஆனால் அறவே இல்லை என்று சொல்லும் மருத்துவரை நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

இனி வலிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது ஸ்க்ரூவோ ராடோ அல்ல, அந்த வேட்டி நுனிதான். துணி உரசுவது வலிக்க வேண்டிய காரியமே அல்ல. அது வலிக்கிறது என்றால், கெட்டுப்போயிருப்பது சேதி கொண்டுவரும் நரம்பு. எரிச்சல் கட்டைவிரல் வரை ஓடுவதும் ஐந்தாவது இடுப்பு நரம்பின் பாதையோடு பொருந்திப் போகிறது. அறுவை நரம்பின் மேலிருந்த அழுத்தத்தை எடுத்திருக்கும். ஆனால் நெடுநாள் நசுங்கிக் கிடந்த நரம்பு, முள்ளை எடுத்த பிறகும் ஆறாத புண்ணைப் போலத் தன்பாட்டுக்கு வலியை அனுப்பிக்கொண்டே இருக்கும். இதைப் பல காலமாக 'தோற்றுப்போன முதுகு அறுவை' என்ற பொருளில் ஒரு பெயரிட்டு அழைத்து வந்தார்கள். அறுவை செய்தவரையும் செய்துகொண்டவரையும் ஒருசேரக் குற்றவாளியாக்கும் பெயர் அது என்பதால், 'நீடிக்கும் முதுகுத்தண்டு வலி' என்று அண்மைக் காலத்தில் மாற்றிச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். எனக்கும் பழைய பெயர் பிடித்ததே இல்லை.

கருவி செய்யும் வேலை இதுதான். கட்டில் காலில் முட்டி இடித்துக்கொண்டால் யாரும் சொல்லாமலே கை அந்த இடத்தைத் தேய்க்கப் போகிறது. தேய்த்ததும் வலி கொஞ்சம் மட்டுப்படுகிறது. தொடுகையைச் சொல்லும் தடித்த நரம்பு இழைகள், வலியைச் சொல்லும் மெல்லிய இழைகளின் சேதியைத் தண்டுவடத்தின் வாசலிலேயே மறிக்கின்றன என்று ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் இருவரும் 1965-இல் எழுதினார்கள். அந்தத் தடித்த இழைகளை மின்சாரத்தால் தூண்டினால் என்ன என்று யோசித்த நார்மன் ஷீலி என்ற அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர், 1967-இல் புற்றுநோய் வலியில் இருந்த ஒருவருக்கு முதல் கருவியைப் பொருத்தினார். (மின்சாரத்தால் வலியை ஆற்றுவது அதற்கும் மிக முந்தையது, ரோமாபுரி மருத்துவர் ஒருவர் கீல்வாதத்துக்கும் தலைவலிக்கும் மின்சாரம் பாய்ச்சும் திருக்கை மீனை உடம்பில் வைக்கச் சொல்லி 1,900 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்.) பழைய வகைக் கருவி நொடிக்கு ஐம்பது தடவை போலத் துடிக்கும், வலித்த இடத்தில் மெல்லிய குறுகுறுப்பு தெரியும். நொடிக்கு 10,000 தடவை துடிக்கும் புதிய வகையில் அந்தக் குறுகுறுப்பே தெரியாது. அது வலியைக் குறைக்கும் விதத்தை வாசல் கணக்கு மட்டும் வைத்து விளக்கிவிட முடியாது.

ஆகவே ஒன்றைத் தெளிவாக மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இந்தக் கருவி முதுகெலும்பைச் சரிசெய்யாது, நரம்பையும் ஆற்றாது. வலிச் சேதியைக் குறைக்கும், அவ்வளவே. அதனால்தான் எந்த வலி என்பது முக்கியமாகிறது. உங்கள் கணவருடையதைப் போல ஒரு காலில், ஒரு நரம்பின் பாதையில், எரிச்சலாக வரும் வலிக்கே இதனால் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம். மூன்றாவது அறுவையைவிட இது மேலா என்றால், பெரும்பாலும் ஆம். பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் நடந்து 2005-இல் வெளியான ஆய்வில், கருவிக்கு ஒதுக்கப்பட்ட 19 பேரில் 9 பேருக்கும், மறு அறுவைக்கு ஒதுக்கப்பட்ட 26 பேரில் 3 பேருக்கும்தான் நல்ல பலன் கிடைத்தது.

ஆனால் அதற்கு முன், புதிதாகச் செய்த எம்ஆர்ஐ ஒன்று கையில் இருக்க வேண்டும். டிஸ்க் மறுபடி பிதுங்கியிருக்கலாம், ஸ்க்ரூ ஒன்று நரம்பை உரசிக்கொண்டிருக்கலாம். அப்படி இருந்தால் அதைச் சரிசெய்வதே முறை. அதன்மேல் கருவியை வைத்து வலியை மறைக்கக் கூடாது. பிரிகாபலின், டுலாக்செடின் போன்ற நரம்பு வலி மருந்துகளைத் தகுந்த அளவில் சில மாதங்களாவது எடுத்துப் பார்த்தாரா என்பதையும் எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிரிட்டனின் அரசு மருத்துவ வழிகாட்டல் அமைப்பு 2008-இல் இக்கருவியைப் பரிந்துரைத்தபோது, வழக்கமான சிகிச்சை எல்லாம் செய்தும், வலியை 0 முதல் 100 வரை அளக்கும் அளவுகோலில் 50-க்குக் குறையாத வலி ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும் என்றுதான் நிபந்தனை வைத்தது.

எப்போதாவது திடீரென்று சிறுநீர் கட்டிக்கொண்டாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, பாதம் தொங்கத் தொடங்கினாலோ கருவிப் பேச்சையெல்லாம் விட்டுவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: இந்தக் கருவியால் பயனில்லை என்று வெளிநாட்டு ஆராய்ச்சியே சொல்லிவிட்டதாம். பெங்களூரில் இருக்கும் என் மகன் ஒரு செய்தியை அனுப்பினான். நீங்கள் எப்படி இதைப் பரிந்துரைக்கிறீர்கள்? – ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மதுரை

பதில்: உங்கள் மகன் அனுப்பியது உண்மையான செய்திதான். அவரிடம் இதையும் காட்டுங்கள்.

கருவிக்குச் சாதகமாக அதிகம் எடுத்துக்காட்டப்படும் ஆய்வு 2007-இல் வந்தது. முதுகு அறுவைக்குப் பின் கால் வலி இருந்த 100 பேரில் ஒரு பாதிக்குக் கருவியோடு வழக்கமான சிகிச்சையும், மறுபாதிக்கு வழக்கமான சிகிச்சை மட்டுமும் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் கால் வலி பாதியாவது குறைந்தவர்கள் முதல் குழுவில் 48 சதவீதம், இரண்டாம் குழுவில் 9 சதவீதம். பெரிய வித்தியாசம்தான். ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. கருவி வைத்துக்கொண்டவருக்குத் தன் உடம்பில் கருவி இருப்பது தெரியும்; கிடைக்காதவருக்கும் கிடைக்கவில்லை என்பது தெரியும். பல ஆண்டுகள் வலியோடு வாழ்ந்தவருக்கு நம்பிக்கை ஒன்றே கொஞ்சம் வலியைக் குறைத்துவிடும்.

அந்த ஓட்டையை அடைக்கத்தான் நார்வேயில், டிரான்ட்ஹெய்ம் நகரில், வேறு விதமாகச் செய்து பார்த்தார்கள். முதுகு அறுவைக்குப் பின் கால் வலி தீராத 50 பேருக்குக் கருவியைப் பொருத்தி, மூன்று மாதம் ஓடவிடுவது, மூன்று மாதம் நிறுத்திவைப்பது என்று மாற்றி மாற்றி ஓராண்டு பார்த்தார்கள். எப்போது ஓடுகிறது, எப்போது நிற்கிறது என்பது நோயாளிக்குத் தெரியாது. அன்றாட வேலைகளைச் செய்யும் திறனை அளந்தபோது, ஓடிய மாதங்களுக்கும் நின்ற மாதங்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 2022-இல் இது வெளியானபோது எங்கள் துறையில் பலருக்கும் தூக்கம் போயிற்று; எனக்கும்தான். மறு ஆண்டே, ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, 699 பேர் பங்கேற்ற 13 ஆய்வுகளைச் சீர்தூக்கி, இடுப்பு வலிக்கு இக்கருவியை ஆய்வுக்கு வெளியே பயன்படுத்தப் போதிய சான்று இல்லை என்று சொல்லிவிட்டது.

கருவியை ஆதரிப்பவர்கள் சும்மா இருக்கவில்லை. நார்வேயில் சோதித்தது கொத்துக் கொத்தாகத் துடிக்கும் ஒரே ஒரு முறையைத்தான் என்றும், அதையும் நடைமுறையில் உள்ள அளவில் வைக்கவில்லை என்றும், காக்ரேன் தொகுப்பு முதுகு வலியையும் கால் வலியையும் ஒரே தட்டில் போட்டுவிட்டது என்றும் வாதிட்டார்கள். முதல் இரண்டு வாதங்களில் நியாயம் இருக்கிறது. ஆனால் கருவி விற்கும் நிறுவனங்களின் பணத்தில் நடந்த ஆய்வுகள் பளிச்சென்று வருவதையும், அப்படியில்லாத ஆய்வு மங்கிப் போவதையும் பார்த்த பிறகு, வெறும் வாதத்தால் எனக்குச் சமாதானம் வரவில்லை.

நான் ஏன் இன்னும் சிலருக்குச் சொல்கிறேன் என்றால், மருந்தும் பயிற்சியும் கைவிட்டு, மறு அறுவைக்கும் இடமில்லாமல், ஒரு காலில் மட்டும் நரம்பு வலியோடு வருபவருக்கு என்னிடம் வேறு நல்ல வழி இல்லை. முன்பு பத்துப் பேருக்குச் சொன்ன இடத்தில் இப்போது இரண்டு பேருக்குத்தான் சொல்கிறேன். அந்த இரண்டு பேரிடமும் நார்வே ஆய்வைச் சொல்லிவிட்டுத்தான் சொல்கிறேன்.

கேள்வி: எனக்கு அடுத்த மாதம் 'ட்ரையல்' வைக்கிறார்கள். அந்த ஒரு வாரத்தில் பலன் இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதால் இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். – ஆசிரியை, திருநெல்வேலி

பதில்: கடைசியில் எழுதியிருப்பதைத்தான் நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும், டீச்சர். ஒயர் செல்லும் அந்தக் குறுகிய இடைவெளியில் இரத்தம் கசிந்து கட்டினால் தண்டுவடம் நசுங்கும். எனவே குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரையை ஏறக்குறைய ஒரு வாரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். ஒயர் உள்ளே இருக்கும் நாள்களிலும், அதை உருவி எடுக்கும் வரை, மறுபடி தொடங்க முடியாது. கூட்டிப் பார்த்தால் இரண்டு வாரம். ஸ்டென்ட் வைத்து ஓராண்டுகூட ஆகவில்லை என்றால் இந்த இரண்டு வாரம் ஆபத்தானது. கால் வலி காத்திருக்கலாம், இதயம் காத்திருக்காது. ஸ்டென்ட் வைத்த மருத்துவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்காமல் ஒரு மாத்திரையைக்கூட நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்க்கரையைப் பொறுத்தவரை, மூன்று மாதச் சராசரி (HbA1c) 8-க்கு மேல் இருந்தால் நான் தேதியைத் தள்ளிவைத்துவிடுவேன். ஒயர் வழியாகக் கிருமி உள்ளே போனால் பிறகு எல்லாவற்றையும் கழற்றி எடுக்க வேண்டிவரும்.

ட்ரையல் என்பது, ஒயரை மட்டும் உள்ளே வைத்து, பேட்டரியை வெளியே இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு வாரம்போல வாழ்ந்து பார்ப்பது. அந்த நாள்களில் குளிக்கக் கூடாது, ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளலாம். குனிவது, திரும்பி எடுப்பது, கையைத் தலைக்கு மேல் தூக்குவது எல்லாம் ஒயரை நகர்த்திவிடும். வீட்டில் இந்தியக் கழிப்பறை மட்டும்தான் என்றால் அந்த வாரத்துக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வலி பாதியாவது குறைந்தால்தான் நிரந்தரக் கருவி என்பது பொதுவான அளவுகோல்.

ஆனால் 'எத்தனை சதவீதம் குறைந்தது' என்று கேட்டால், செலவு செய்துவிட்டோமே, டாக்டர் இவ்வளவு பாடுபட்டாரே என்று மனம் ஒரு நல்ல எண்ணைச் சொல்லிவிடும். அதனால் என் நோயாளிகளிடம் எண்ணைக் கேட்பதைக் குறைத்துக்கொண்டு, நாற்பது பக்க நோட்டு ஒன்றில் நடந்ததை எழுதச் சொல்கிறேன். இட்லிக் கடை நடத்தும் ஒருவர் மூன்றாம் நாள் எழுதியிருந்தது இது: 'ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்திருக்கவில்லை. காலையில் கிரைண்டர் பக்கத்தில் 20 நிமிஷம் நின்றேன். செருப்புப் போட்டுக்கொண்டு பால் வாங்கப் போனேன்.' முந்தைய வாரத்துப் பக்கங்களில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. அவருக்குக் கருவியை வைத்தோம். இன்னொருவர் '70 சதவீதம் குறைந்துவிட்டது, உடனே வையுங்கள்' என்றார். நோட்டைப் பார்த்தால் நடந்த தூரமும் தூங்கிய நேரமும் மாத்திரையின் எண்ணிக்கையும் முன்பிருந்தபடியே இருந்தன. கூட வந்திருந்த அவர் மனைவியிடம் கேட்டேன். 'வீட்டில் ஒரு மாற்றமும் தெரியவில்லைங்க' என்றார். அவருக்கு வைக்கவில்லை. என்மேல் கோபித்துக்கொண்டுதான் போனார்.

நீங்கள் ட்ரையலுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே எழுதத் தொடங்குங்கள். கரும்பலகை முன்னால் தொடர்ந்து எத்தனை நிமிடம் நிற்க முடிந்தது என்பதை ஒரு வரி எழுதினாலே போதும்.

கேள்வி: எனக்குக் கால் வலி இல்லை. அறுவைக்குப் பிறகு இடுப்பு மட்டும் வலிக்கிறது, உட்கார்ந்து எழுந்தால் பிடித்துக்கொள்கிறது. எனக்கும் இந்தக் கருவி வேண்டும். – தையல்காரர், ஈரோடு

பதில்: உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்வது நரம்பு வலியைவிட மூட்டு வலியைப் போலவே இருக்கிறது. எலும்புகளை ஸ்க்ரூ போட்டு இணைத்துவிட்டால், அந்த இடம் வளைய மறுப்பதால் பாரம் மேலும் கீழும் உள்ள மூட்டுகளுக்குப் போகிறது. குறிப்பாக, இடுப்பெலும்பும் முதுகெலும்பும் சேரும் மூட்டு அடி வாங்கும். தையல் மெஷின் முன் நாள் முழுக்கக் குனிந்து உட்காருபவருக்குச் சொல்லவே வேண்டாம். அந்த மூட்டில் மரத்துப்போகும் ஊசியைப் போட்டுப் பார்த்து, வலி சில மணி நேரம் அடங்கினால் எங்கே கோளாறு என்பது தெரிந்துவிடும். சிகிச்சையும் அதற்கேற்ப எளிதாகிவிடும். ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறதா என்று சிடி ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள். நொடிக்கு 10,000 தடவை துடிக்கும் கருவி இடுப்பு வலிக்கும் உதவும் என்று 2015-இல் வந்த ஒரு ஆய்வு சொன்னது உண்மைதான். ஆனால் அதில் ஒரு கருவியோடு இன்னொரு கருவியைத்தான் ஒப்பிட்டார்கள், கருவியே இல்லாதவரோடு அல்ல. சில லட்ச ரூபாய் விஷயம் இது. மூட்டை முதலில் பார்ப்போம்.

கேள்வி: எனக்குக் கருவி வைத்து எட்டு மாதம் ஆகிறது. முதலில் காலில் நன்றாகத் தெரிந்த குறுகுறுப்பு, மாடிப்படியில் ஒருமுறை வழுக்கிய பிறகு விலாப் பக்கமும் வயிற்றிலும் தெரிகிறது. கால் வலி திரும்பிவிட்டது. மல்லாந்து படுத்தால் வெடுக்கென்று கரண்ட் அடிப்பதுபோல் கூடுகிறது. கருவி கெட்டுவிட்டதா? கோயிலில் மெட்டல் டிடெக்டர் வழியாகப் போனது காரணமா? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மல்லாந்து படுத்தால் கூடுவது இயல்பு. தண்டுவடம் நீரில் மிதக்கிறது. மல்லாந்தால் அது பின்பக்கம் சரிந்து ஒயருக்கு நெருங்கிவிடுவதால் அதே மின்சாரம் பலமாகத் தெரியும். படுப்பதற்கு முன் ரிமோட்டில் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

குறுகுறுப்பு விலாவுக்குப் போனது இயல்பல்ல. வழுக்கியதில் ஒயர் நகர்ந்திருக்கும். இந்தச் சிகிச்சையில் அடிக்கடி காணும் கோளாறு இது. சாதாரண எக்ஸ்ரே ஒன்று எடுத்து, பொருத்திய அன்று எடுத்த படத்தோடு வைத்துப் பார்த்தாலே எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். ஓர் ஒயரில் பெரும்பாலும் எட்டு மின்முனைகள் இருக்கும். கொஞ்சம்தான் நகர்ந்திருந்தால், இப்போது காலுக்கு நேராக இருக்கும் வேறு முனைகளை இயக்கிச் சரிசெய்துவிடலாம். அது முடியாவிட்டால் ஒயரை மறுபடி வைக்க வேண்டும். இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். அமெரிக்காவில் கருவி பொருத்திக்கொண்ட 1,260 பேரின் காப்பீட்டுப் பதிவுகளைப் பார்த்த ஓர் ஆய்வில், இரண்டே ஆண்டுகளில் 22 சதவீதம் பேருக்குக் கருவியை மாற்றியோ திருத்தியோ கழற்றியோ ஆக வேண்டியிருந்தது. பொருத்துவதற்கு முன்பே இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்றால் அது உங்கள் தவறல்ல. அளவைத் திருத்துவதற்கு நம் ஊரில் பெரும்பாலும் கருவி நிறுவனத்தின் ஆள்தான் வருவார் என்பதால், அவர் எந்த ஊரில் இருக்கிறார், கூப்பிட்டால் எத்தனை நாளில் வருவார் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கோயில் வாசலின் டிடெக்டர் ஒயரை நகர்த்தாது. கருவிக்கான அட்டையைக் காட்டி, ஓரமாகக் கையால் சோதிக்கச் சொல்வது நல்லது. வழியாகவே போக நேர்ந்தால் கருவியை நிறுத்திவிட்டு, நிற்காமல், சட்டத்தின் மேல் சாயாமல் நடந்துவிடுங்கள். மிக்ஸி, கிரைண்டர் பற்றியெல்லாம் கவலை வேண்டாம். நீங்கள் உண்மையில் பயப்பட வேண்டியது பிசியோதெரபி நிலையத்தில் மூட்டு வலிக்கு வைக்கும் 'ஷார்ட் வேவ்' சூட்டுச் சிகிச்சைக்குத்தான். அது கருவி நிறுத்தியிருந்தாலும் ஒயரைச் சூடாக்கி நரம்பைச் சுட்டுவிடும். முழங்காலுக்கு என்றாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால் கருவியின் மாதிரியைப் பொறுத்து, முழு உடம்புக்கும் எடுக்கலாமா, தலைக்கு மட்டுமா என்பது மாறும். அந்த விவரத்தைப் பார்க்க மாதிரி எண் வேண்டும். அது அட்டையில்தான் இருக்கிறது. அட்டையை பீரோவில் பூட்டி வைக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ரேவுக்குப் போகும்போதும் எடுத்துப் போங்கள்.